பிரசவ வார்டுக்கு ஒரு கையெழுத்து

“இருபத்தொன்பது நாளாச்சு பேச்சி. ஒரு பிரசவமாவது என்னைப் பாக்க விட்டியா?” என்று கேட்டாள் ஜெபக்கனி.

பேச்சியம்மாள் நாலாம் கட்டிலருகே கிடந்த ஸ்டூலைக் கையால் காட்டினாள்.

ஜெபக்கனி போய் உட்கார்ந்தாள். வேறென்ன செய்ய?

இருவருக்கும் வயது நாற்பத்தாறு. நர்சிங் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். ஜெபக்கனி வகுப்பில் முதல். பேச்சியம்மாள் உடற்கூறியலில் இரண்டு தடவை கோட்டை விட்டு, மூன்றாம் தடவை ஜெபக்கனியின் நோட்டைப் படித்துக் கரையேறியவள்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். பூனை இப்போது அந்த அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டர். யானை பத்தொன்பது வருஷமாக ஐசியூவில் இருந்தது.

ஐசியூவில் ஜெபக்கனியை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அங்கே பிழைத்துப் போகிறவர்களுக்கு அவள் முகம் தெரியாது. மயக்கத்தில் கிடந்தவர்கள்தானே. பிழைக்காதவர்களின் வீட்டாரோ அவள் முகத்தை மறுபடி பார்க்க விரும்புவதில்லை.

பேச்சியம்மாள் மீன் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் நாலு பேராவது கூப்பிடுவார்கள். “சிஸ்டர், இவன் நீங்க எடுத்த பிள்ளை.” மீன்காரி அன்று பிடித்த சாளையாகப் பார்த்து அவளுக்கு அள்ளிப் போடுவாள். பின்னாலேயே போகும் ஜெபக்கனிக்கு ஐஸ் போட்ட சாளை.

வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றை யாரிடம் காட்டுவது? அவள் பணி மாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள்.

நர்சிங் கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டுச் சொன்னார். “ஒரு மாசம் அங்க வேலை பழகு. பேச்சியம்மாள் கையெழுத்துப் போட்டா அங்கேயே இரு. போடலேன்னா திரும்ப ஐசியூ. இன்னொரு தடவை கேட்டு வராதே.”

முதல் நாள் பேச்சியம்மாள் கேட்டாள்.

“என்னல்லாம் தெரியும்?”

“நரம்பு கிடைக்காதவங்களுக்கும் ஒரே குத்துல ஊசி ஏத்துவேன். நாலு மானிட்டரை ஒரே நேரத்துல பாப்பேன். பிரசவப் பாடத்தை முழுக்கத் திரும்பப் படிச்சுட்டேன். பயிற்சி வகுப்புக்கும் போய்ச் சர்டிபிகேட் வாங்கிட்டேன்.”

“சரி. அந்தக் கட்டில்ல கிடக்குத பிள்ளை வயித்துல கை வை.”

“வச்சு?”

“வலி வந்தா சொல்லு. போனா சொல்லு.”

ஜெபக்கனிக்குச் சிரிப்பு வந்தது. “அதை அவளே சொல்லிருவாளே.”

“அவளுக்கு முன்னாடி சொல்லு.”

ஜெபக்கனி வெறும் கையை வயிற்றின் மேல் வைத்து உட்கார்ந்தாள். முதல் ஒரு மணி நேரத்தில் சூத்திரம் பிடிபட்டுவிட்டது. நாலு நிமிஷத்துக்கு ஒரு வலி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

“வலி வருது,” என்றாள் கடிகாரத்தைப் பார்த்து.

வரவில்லை. கட்டிலில் கிடந்த பெண் கொட்டாவி விட்டாள்.

பேச்சியம்மாள் வந்து ஸ்டூலைத் திருப்பிப் போட்டாள். கடிகாரம் ஜெபக்கனியின் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

அன்றிலிருந்து ஸ்டூல்தான். பெண்கள் வந்தார்கள், அலறினார்கள், பெற்றார்கள், போனார்கள். கை மட்டும் மாறி மாறி வயிறுகளின் மேல் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, விரல்களுக்கடியில் சதை இறுகத் தொடங்குவது தெரிந்தது. பெண் முகம் சுளிப்பதற்கு இரண்டு மூச்சு முன்னாலேயே தெரிந்தது. ஜெபக்கனி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையுறை போட்டுப் பிரசவம் பார்த்தவர்கள்தான் அவள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் ஷபானா வந்தாள். இருபத்தாறு வயது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று வருஷம் பிரசவம் பார்த்துவிட்டு மாற்றலாகி வந்தவள்.

வந்த அன்றைக்கே அவளுக்கு ஒரு பிரசவம் கொடுத்தாள் பேச்சியம்மாள். சாயங்காலம் அந்தக் குழந்தையின் தாத்தா ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்து, “எங்க அந்தச் சின்ன சிஸ்டர்?” என்று கேட்டார்.

ஜெபக்கனிக்கும் ஒரு துண்டு வந்தது. தின்றாள். இனிக்கவில்லை.

எள்ளு காய்வது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று ஐசியூத் தோழிகள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் பேச்சியம்மாளைப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து முளைச்ச காளான் அவ. அவளுக்குக் கொடுக்கே. எனக்குத் தரமாட்டேங்கே.”

“ஆமா.”

“ஏன்?”

“வலி வந்தா சொல்லு. போனா சொல்லு.”

“அதைத்தானே நாள் முழுக்கச் சொல்லுதேன்!”

“அவங்க வயித்துல உள்ளதைச் சொல்லுதே,” என்றாள் பேச்சியம்மாள். போய்விட்டாள்.

ஜெபக்கனிக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் பொறுமையும் இல்லை. என் நோட்டைப் பார்த்துத் தேறியவள் எனக்கே புதிர் போடுகிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

முப்பதாம் நாள் காலை. கடைசி நாள்.

நாலாம் கட்டிலில் கோமதி. உப்பளத்து வேலைக்காரி, தலைப்பிரசவம். ஜெபக்கனியின் இடது கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

ஒன்பதரை மணிக்குப் பேச்சியம்மாளை ஆபரேஷன் தியேட்டருக்குக் கூப்பிட்டார்கள். போகும்போது வார்டை ஷபானாவிடம் ஒப்படைத்தாள்.

ஷபானா கோமதியைச் சோதித்தாள். “கர்ப்பப்பை வாய் இன்னும் முழுசாத் திறக்கலை அக்கா. முக்க விட்டுராதீங்க. ஒண்ணாம் கட்டில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பாத்துட்டு வந்துருதேன்.”

திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

ஜெபக்கனி யோசித்தாள். இவள் திரும்பி வருவாள், கையுறை போடுவாள், பிள்ளையை வாங்குவாள், மைசூர்பாகு வரும். நாளைக்கு நான் ஐசியூவில் இருப்பேன். ஆக்கப் பொறுத்தாயே, ஆறப் பொறுக்கக் கூடாதா என்று அவளிடம் சொல்ல அங்கே ஆள் இல்லை.

அவள் கோமதியின் பிடியிலிருந்து கையை விடுவித்து, எழுந்து கையுறை போட்டுக்கொண்டாள்.

“முக்கும்மா,” என்றாள் மெதுவாக. “நல்லா முக்கு.”

கோமதி முக்கினாள். பாவம், சிஸ்டர் சொன்னால் செய்ய வேண்டியதுதானே.

தலை தெரியவில்லை.

“இன்னும் ஒரு தடவை.”

தெரியவில்லை. மறுபடி. மறுபடி. கோமதியின் உதடு வெளுத்தது. “முடியலை சிஸ்டர்,” என்றாள். ஜெபக்கனி இன்னொரு தடவை சொன்னாள்.

ஒன்றாம் கட்டில் வேலை நினைத்ததைவிட இழுத்துவிட்டது. ஷபானா ஓடி வந்தாள். வந்தவள் டாப்ளர் கருவியை வயிற்றில் வைத்தாள். நூற்று நாற்பதில் குதிரையாய் ஓடிய குழந்தையின் இதயம், தொண்ணூறுக்கு இறங்கி நொண்டியது.

அதே நேரம் பேச்சியம்மாளும் உள்ளே வந்தாள். அந்தச் சத்தம் அவளுக்கு வாசலிலேயே கேட்டுவிட்டது.

“யாரு முக்கச் சொன்னது?”

கோமதி மூச்சு வாங்கினாள். “சிஸ்டர்தான்…”

அந்த வார்டில் எல்லாருமே சிஸ்டர்தான். பேச்சியம்மாள் ஷபானாவைப் பார்த்தாள்.

“உன்னை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்?”

ஷபானா வாயைத் திறந்தாள். ஜெபக்கனியின் கையில் இருந்த கையுறையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

“எவ்வளவு நேரமா முக்குதா?”

“நான் அங்க இருந்தேன் சிஸ்டர். அஞ்சு நிமிஷம் இருக்கும்.”

“வெறும் அஞ்சு நிமிஷம் முக்கினதுக்கே துடிப்பு இப்படி இறங்குதுன்னா உள்ள வேற ஏதோ கோளாறு. கொடி சுத்தியிருக்கலாம். ஆபரேஷன்தான். டாக்டரம்மாவைக் கூப்பிடு. இது கூடத் தெரியாமலா மூணு வருஷம் வேலை பாத்தே?”

ஷபானாவின் கண்ணில் நீர் கட்டியது.

ஜெபக்கனிக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன்? மைசூர்பாகு தின்றபோது வராத இனிப்பு அப்போது வந்தது. திட்டட்டும். இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டட்டும். வாய் திறக்காமல் நின்றாள்.

ஷபானா போனை எடுத்தாள். கோமதிக்கு ஆபரேஷன் என்கிற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. அவள் பேச்சியம்மாளைப் பார்க்கவில்லை, ஷபானாவைப் பார்க்கவில்லை. ஜெபக்கனியின் கையைத் தேடிப் பிடித்தாள்.

“வயித்தை அறுக்கப் போறாங்களா சிஸ்டர்? நீங்க சொன்ன மாதிரிதானே முக்கினேன்? நான் என்ன தப்பா செஞ்சேன்?”

ஜெபக்கனி நிமிர்ந்து பேச்சியம்மாளைக் கூப்பிட்டாள்.

“அஞ்சு நிமிஷம் இல்லை பேச்சி.”

பேச்சியம்மாள் திரும்பினாள்.

“ஏழு வலி. இருபது நிமிஷம் ஆயிருக்கும். நான்தான் முக்கச் சொன்னேன். வாய் திறக்கலைன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்.”

“எதுக்கு?”

“இவ வர்றதுக்குள்ள பிள்ளையை நான் வாங்கிரணும்னு.”

பேச்சியம்மாள் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. அப்படியானால் கோளாறு உள்ளே இல்லை, முக்கலை நிறுத்தினாலே துடிப்பு ஏறலாம். கோமதியை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். ஆக்சிஜன் வைத்தாள்.

“முக்காதே தாயி. வலி வந்தா மெழுகுவர்த்தியை ஊதுத மாதிரி ஊது. பதறாத காரியம் சிதறாது. ஜெபா, கையை வை.”

ஜெபக்கனி கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை வைத்தாள்.

“வருது,” என்றாள். கோமதி ஊதினாள்.

“போகுது.”

தொண்ணூறு, நூற்றுப் பத்தாயிற்று. மூன்று வலிக்குப் பிறகு நூற்று முப்பது. ஓடி வந்த டாக்டரம்மா துடிப்பைக் கேட்டுவிட்டு, தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார். என்ன நடந்தது என்று கேட்டார். பேச்சியம்மாள் சொல்லவில்லை. ஜெபக்கனி பேச்சியம்மாளிடம் சொன்னதை அப்படியே திரும்பச் சொன்னாள். மெமோ வரும் என்றார் டாக்டரம்மா. வரட்டும் என்று ஜெபக்கனி தலையாட்டினாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஷபானா பெண் குழந்தையைக் கையில் வாங்கினாள். பிறந்ததும் அது போட்ட கூச்சலில் வராந்தாவில் நின்ற கோமதியின் அம்மா கும்பிட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் பேச்சியம்மாள் விண்ணப்பத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக இருந்தது.

“தெரியும். நாளைக்கு ஐசியூவுக்குப் போயிருதேன்,” என்றாள் ஜெபக்கனி.

“நான் போகச் சொன்னேனா?”

“கையெழுத்து போடலையே.”

“ஷபானா போடச் சொன்னா போடுதேன்.”

“அவ கிட்டயா?”

பேச்சியம்மாள் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிடத் தொடங்கிவிட்டாள்.

கன்னத்தில் ரெண்டு அறை விட்டிருந்தால் ஜெபக்கனிக்கு இதைவிட லேசாக இருந்திருக்கும். பின்கட்டில் ஷபானா கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெபக்கனி வாசலில் நின்றாள். ஷபானா திரும்பவில்லை.

“ஷபானா…”

“ஒண்ணு கேக்கேன் அக்கா. சிஸ்டர் என்னைத் திட்டினப்போ எவ்வளவு நேரம் பேசாம நின்னீங்க?”

“கொஞ்ச நேரந்தான்.”

குழாய்த் தண்ணீர் ஓடியது. ஷபானா கத்தரிக்கோலைத் தேய்த்தாள்.

ஜெபக்கனி சுவரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். ஓடிவிடலாமா என்று இருந்தது.

“ஒரு வலி நேரம்,” என்றாள். “ஒரு வலி வந்து போற வரைக்கும் நின்னேன்.”

“அப்போ மனசுல என்ன இருந்துச்சு?”

“நல்லா வேணும்னு இருந்துச்சு. சந்தோஷமா இருந்துச்சு. நீ வந்த நாள்லேருந்தே எனக்கு உன்னைக் கண்டா ஆகலை. உன்னை மட்டுமில்லை, பேச்சியையும்தான். இருபது வருஷமா வயிறு எரியுது.”

ஷபானா குழாயை மூடினாள். முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது.

“ரெண்டாம் கட்டில் அம்மாவுக்கு வலி நெருங்கிருச்சு அக்கா,” என்றாள். “கையைக் கழுவிட்டு வாங்க. பிரசவத்தை நீங்க பாருங்க. நான் பக்கத்துல நிக்கேன்.”