சென்னியப்பன் மீசைக்கு வந்த சோதனை

மேட்டுப்பாளையத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த சென்னியப்பன் நடந்துவந்தால் மீசை முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். கோத்தகிரி மலைக்கு வாடகைக் கார் ஓட்டும் மயிலாத்தாள் அவரிடம் சக்கரத்தில் பிரேக்கைத் தாங்கும் காலிப்பருக்கு போல்ட் கேட்டாள். கதவுக்கு மாட்டும் சாதா போல்ட்டை நீட்டினார்.

"மலையிலே தாங்குமாங்க?"

"கம்பெனி போல்ட்டும் இதுவும் ஒண்ணுதான் அம்மிணி. வித்தியாசம் இருந்தா மீசையை எடுத்துக்கறேன்."

கடையே சிரித்தது. மயிலாத்தாள் ஸ்பேனரோடு போய், வாசலில் நின்ற அவர் காரின் சக்கரத்தருகே உட்கார்ந்தாள்.

"அங்கென்ன பண்றே?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே. உங்க வண்டி போல்ட்டை நான் எடுத்துக்கறேன், இதை உங்களுக்கு மாட்டிடறேன்."

சென்னியப்பன் மேசையைத் தாண்டிக் குதித்தார். கையில் கம்பெனி போல்ட் டப்பா. "தொட்டுறாதே, எம் புள்ளைங்க போற வண்டி."

இப்போது கல்லாவில் மீசையில்லாத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். புது ஆளென்று நினைத்துவிடாதீர்கள்.