பூபதிராயர் காட்டிய நாற்பது மாடுகள்

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை மாணிக்கராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் சொன்னது மாலைவரை நிற்காது.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. உழவர்களுக்கு விதைநெல்லும், பால்மாடு வளர்ப்பவர்களுக்கு மாட்டுக்கு ஒரு வண்டி வைக்கோலும் அரண்மனைச் செலவில் கொடுக்கலாம் என்றார் அமைச்சர் சிற்றம்பலத்தார். ராஜாவுக்கு யோசனை பிடித்துப்போய், தன் பட்டுச் சால்வையைச் சபை நடுவே அவருக்குப் போர்த்திவிட்டான்.

பூபதிராயருக்கு வயிறு பற்றி எரிந்தது. இருபது வருஷமாக அதே சபையில் ராஜா தும்மினால்கூடத் தலையாட்டியவர் அவர். ஒரு துண்டுகூட அவர் தோளில் விழுந்ததில்லை. அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு, "அமைச்சரை ஊரே வாழ்த்துதாமே?" என்றாள் மனைவி.

விதைநெல் கொடுத்து முடிந்ததும் ராயர் ராஜாவின் காதைக் கடித்தார். "மகாராஜா, அமைச்சர் இளகிய மனசுக்காரர். மாடே இல்லாதவன் வைக்கோலை வாங்கி விற்றுவிடுவான். இந்தப் பொறுப்பை என்னிடம் விடுங்கள்."

"அதுவும் சரிதான். நீரே கொடும். ஆனால் மாடுகளை நான் கண்ணால் பார்க்கவேண்டும்" என்றான் ராஜா.

ராயர் உடனே ஒரு சட்டம் போட்டார்: சொந்த நிலத்துக்குப் பட்டயம் உள்ளவனுக்கே வைக்கோல். கிழக்கே இடைச்சேரியில் மாடு வளர்ப்பவர்களுக்கு நிலம் ஏது? வெறுங்கையோடு திரும்பினார்கள். இன்னும் பத்து நாள் தீனி இல்லாவிட்டால் மாடுகளை அடிமாட்டுக்கு விற்கவேண்டியதுதான்.

நாற்பது மாட்டுக்கென்று ஒதுக்கிய நாற்பது வண்டி வைக்கோலும் மேலவீதியில், நிலப்பட்டயம் வைத்திருந்த ராயரின் மைத்துனர் வீட்டில் இறங்கியது. அங்கே ஒரு மாடுகூட இல்லை. அதனாலென்ன? மாட்டுக்கு ஒரு படி தவிடு கூலி பேசி, இடைச்சேரியிலிருந்தே நாற்பது மாடுகளை ஒருநாள் வாடகைக்குப் பிடித்தார் ராயர். கன்று எதற்கென்று விட்டுவிட்டார். மாட்டில் அவருக்குத் தெரிந்தது கொம்பும் வாலும்தான்.

கொம்புக்குச் சாயம், கழுத்துக்கு மாலை. "எல்லாம் வைக்கோல் வாங்கிய என் மைத்துனர் மாடுகள்" என்றார் ராயர். அரண்மனை மைதானத்தில் வரிசையாகக் கட்டியிருந்த மாடுகளைப் பார்த்து ராஜா பூரித்துப்போனான். "பூபதிராயரே, நாளை முதல் அமைச்சர் ஆசனம் உமக்கு!"

ராயர் சிற்றம்பலத்தாரின் முகத்தைப் பார்த்தார். வாடியிருக்கும் என்று ஆசையோடு பார்த்தார். அவரோ மாடுகளின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மடி கனத்துப் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

"மகாராஜா, பொழுது சாய்கிறது. மாடுகளை அவிழ்த்துவிடுவோம். பின்னாலேயே பல்லக்கில் போய், அவை சேரும் கொட்டிலைத் தாங்கள் வாழ்த்திவிட்டு வரலாம்" என்றார் அமைச்சர்.

ராஜாவுக்கு ஊர்வலம் என்றால் உயிர். ராயர் பதறினார். "எதற்கு அவிழ்ப்பது? என் ஆட்கள் கயிற்றைப் பிடித்து ஓட்டிப்போவார்களே."

"மாட்டுக்கு வீட்டுக்கு வழி சொல்லித்தர ஆள் வேண்டுமா ராயரே?"

அவிழ்த்தார்கள். நாற்பது மாடும் மேலவீதியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிழக்கே ஓட்டமெடுத்தன. பல்லக்குத் தூக்கிகளுக்கு நாக்குத் தள்ளியது. இடைச்சேரியில் ஒவ்வொரு மாடும் தன் தன் கொட்டிலில் நுழைய, கன்றுகள் பாய்ந்து மடியை முட்டின.

ராஜா கீழே இறங்கினான். "இது யார் மாடு?"

"எங்களுதுதான் சாமி" என்றாள் வெள்ளாத்தாள் என்கிற இடைச்சி. "எங்களுக்கு வைக்கோல் கிடையாதுன்னுட்டாங்க. தவிடாச்சும் வரட்டுமேன்னு வாடகைக்கு விட்டோம்."

ராஜாவின் மீசை துடித்தது. "சிற்றம்பலத்தாரே, ஆசனம் உம்முடையதேதான். வேறென்ன வேண்டும், கேளும்."

"மாடு எந்தக் கொட்டிலில் படுக்கிறதோ, அந்த வாசலில் வைக்கோல் இறங்கட்டும் மகாராஜா. பட்டயம் வேண்டாம்."

"அப்படியே ஆகட்டும். மைத்துனர் வீட்டு வைக்கோல் முழுவதையும் பூபதிராயரே தலையில் சுமந்துவந்து போடட்டும். வண்டி கூடாது."

மறுநாள் உச்சிவெயிலில் ஆறாவது கட்டோடு வந்து விழுந்த ராயரைப் பார்க்க வெள்ளாத்தாளுக்கே பாவமாக இருந்தது. ஒரு செம்பு மோர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்தபடி ராயர் கேட்டார்:

"நேற்று அமைச்சருக்கும் மோர் கொடுத்திருப்பாயே, அது இதைவிடக் கெட்டியா?"