அத்தி தன் பூவை மூடிக்கொண்ட கதை

மரமும் பறவையும் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அத்திக்குப் பூ வெளியில்தான் பூத்தது. சும்மா பூக்கவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, இலை தெரியாமல் கிளை தெரியாமல் சிவக்கச் சிவக்கப் பூக்கும். மலைக்கு அந்தப் பக்கம் மேய்கிற யானைகூட வந்து நின்று பார்த்துவிட்டுப் போகும். அத்திக்குப் பெருமை பிடிபடாது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், அப்போதுதான் முழுசாகத் தெரியும்" என்று வந்தவர்களுக்கு இடம் வேறு காட்டும். அழகாக இருப்பவர்களுக்கு அந்த ஆசை இருக்கத்தான் செய்யும், அதைக் குற்றம் சொல்ல முடியாது.

எதிரே இருந்த வேங்கை மரப் பொந்தில் ஒரு இருவாச்சிப் பறவை குஞ்சு பொரித்திருந்தாள். இருவாச்சிகளின் வழக்கமே தனி. பெண் பொந்துக்குள் போய், மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்வாள். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு மட்டும் இருக்கும். உள்ளே போனதும் இறகுகளை உதிர்த்துவிடுவாள், பறக்க முடியாது. கணவன்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அவன் வெறும் அலகோடு வந்தால் தாயும் குஞ்சும் பட்டினி.

அந்த வருடம் பங்குனியில் அதுதான் நடந்தது. மற்ற மரங்களெல்லாம் பேசிவைத்த மாதிரி ஒரே சமயத்தில் பழுத்து ஓய்ந்துவிட்டன. அத்தி மட்டும் அப்போதுதான் பூவில் நின்றது. இருவாச்சிக் கணவன் காடெல்லாம் சுற்றிவிட்டு அதன் கிளையில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, ஒரு பழம் கிடைக்கவில்லை. பூச்சியும் பல்லியும் பிடித்துக் கொடுத்து ஓட்டுகிறேன். இன்றைக்கு அதுவும் இல்லை. உன் பூ எப்போது பழுக்கும்?"

"பூவுக்குப் பூ மகரந்தம் போய்ச் சேர்ந்தால்தானே தம்பி பழுக்கும்? தேனீயெல்லாம் தண்ணீர் தேடிக் கீழே இறங்கிவிட்டது. இந்த அனல்காற்று பூவை நின்ற இடத்திலேயே கருக்குகிறது. நான் என்ன செய்வேன், சொல்" என்றது அத்தி.

"நான் செய்கிறேன்" என்று ஒரு குரல் வந்தது.

இலைக்கு அடியில் கடுகளவு குளவி ஒருத்தி ஒட்டிக்கொண்டிருந்தாள். வயிறு நிறைய முட்டை. வைக்க இடம் கேட்டு அவள் அலையாத மரம் இல்லை. இத்தனூண்டு பூச்சியை யார் ஏறெடுத்துப் பார்த்தார்கள், பாவம்.

"என் மேலெல்லாம் உன் மகரந்தம்தான் அக்கா. ஆனால் பூவில் நிற்க விடாமல் காற்று தூக்கி எறிகிறது. பூவையெல்லாம் உள்பக்கம் மடித்து மூடிக்கொள். நான் உள்ளே இருந்து வேலையைப் பார்க்கிறேன். பதிலுக்குச் சில பூக்களில் என் முட்டைக்கு இடம் கொடு, போதும்."

அத்தி தயங்கியது. "மூடிக்கொண்டால் என் பூவை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டது. கேட்ட பிறகு அதற்கே வெட்கமாகிவிட்டது.

அந்நேரம் பொந்திலிருந்து இருவாச்சிப் பெண்ணின் குரல் கேட்டது. "வந்துவிட்டீர்களா? எனக்குப் பசியில்லை. இருப்பதைக் குஞ்சுக்குக் கொடுங்கள்." கணவனிடம் கொடுக்க எதுவும் இல்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அத்தி அதற்குமேல் யோசிக்கவில்லை. பூவையெல்லாம் கொத்துக் கொத்தாக உள்ளே மடித்து, சின்னச் சின்னப் பச்சை உருண்டைகளாக மூடிக்கொண்டது. காட்டில் அந்தச் சிவப்பே இல்லாமல் போனது. "வா அம்மா" என்றது குளவியிடம்.

உருண்டையின் நுனியில் ஊசித்துளை அளவுக்கு ஒரு வழி. குளவி அதில் தலையை நுழைத்தாள். பாதி போவதற்குள் சிறகுகள் பிய்ந்து வெளியே விழுந்தன.

"ஐயோ, திரும்பிவிடு. உன்னால் இனி பறக்க முடியாதே."

"பறந்து எங்கே போகப்போகிறேன் அக்கா? பிள்ளைகள் இங்கேதானே இருக்கப்போகிறார்கள்."

அவள் போனதைப் பார்த்து அவள் தங்கைகளும் ஆளுக்கொரு உருண்டைக்குள் நுழைந்தார்கள். மகரந்தத்தைப் பூக்களில் தேய்த்தார்கள், முட்டை வைத்தார்கள், அந்த இருட்டிலேயே உயிரை விட்டார்கள். அத்தி அழுத அழுகை பாலாக வடிந்தது. இன்றைக்கும் ஒரு காயைப் பறித்துப் பாருங்கள், அந்தப் பால் சொட்டும்.

காய் பழுக்கும் வரை இருவாச்சிக் கணவன் எப்படியோ புழு பூச்சி தேடிக் குடும்பத்தைத் தாங்கினான். பழுத்த அன்று, அலகு கொள்ளாமல் கொண்டுபோய் ஊட்டினான். குஞ்சு விழுங்கி முடித்த பிறகுதான் மனைவி ஒன்றை வாயில் போட்டாள்.

"அத்தி அக்காவின் பூ என்ன ஆயிற்று? இந்தப் பிளவு வழியாகத் தினமும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்."

"நீ சாப்பிடுகிறாயே, அதுதான்" என்றான் அவன்.

குளவியின் மகள்கள் காய் பழுக்குமுன்பே மகரந்தம் பூசிய உடம்போடு வெளியே வந்திருந்தார்கள். "நாங்கள் முட்டை வைக்க அடுத்த பூ எங்கே?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு ஆயுள் கொஞ்சம்தான், ஒரு வருடம் காத்திருக்க முடியாது. அத்தி காடெங்கும் இருந்த தன் சொந்தங்களைக் கூப்பிட்டது. "இனி எல்லோரும் சேர்ந்து பூக்க வேண்டாம். எந்த மாதமும் நம்மில் ஒருவராவது பூவில் இருப்போம். இந்தப் பிள்ளைகளைத் தெருவில் விட்டுவிடக் கூடாது" என்றது. அப்படி ஒரு மரம் மாற்றி ஒரு மரம் பழுக்க, மற்ற மரங்கள் கைவிரிக்கிற மாதத்திலும் குரங்குக்கும் மரநாய்க்கும் பறவைகளுக்கும் சாப்பாடு கிடைத்தது. தின்றவர்கள் விதையைக் கொண்டுபோய்ப் புது இடத்தில் போட்டார்கள். அங்கேயும் அத்தி முளைத்தது.

அன்றைக்கு மூடிய பூவை அத்தி பிறகு திறக்கவே இல்லை. யாராவது அபூர்வமாக வீட்டுக்கு வந்தால், அத்தி பூத்த மாதிரி வந்திருக்கிறீர்களே என்கிறோம். அது வருடம் முழுக்கப் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. நமக்குக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். இனி அத்திப்பழத்தைப் பிட்டு, உள்ளே பூச்சி என்று முகம் சுளிக்காதீர்கள். அந்தக் குளவித் தாய் உள்ளே போன அன்று முதல்தான் காட்டில் எந்த மாதமும் யாருக்காவது ஒரு பழம் இருக்கிறது.