ஔவுக்கு மூன்று, ன்னுக்கு நான்கு

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் படுத்த பிறகு அமுதவல்லிக்கு அசைவது இமைகள் மட்டும்தான். அறிவு தெளிவாகவே இருந்தது. கணவர் பொன்னையா எழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு வருவார். வேண்டிய எழுத்து வந்ததும் அமுதவல்லி கண்ணை மூடுவார். ஒரு சொல்லுக்குக் கால் மணி நேரம் ஆகும். பாதிச் சொல்லிலேயே களைத்துத் தூங்கிவிடுவார்.

பொன்னையா தன் ஐம்பத்தெட்டாவது வயதில் சிமிட்டாலேயே பேசலாமென்று, எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாகச் சொல்லும் மோர்ஸ் தந்திமுறையைப் படிக்கப் போனார். சொல்லிக் கொடுத்த ஜெசிந்தா கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்தவர். பொன்னையாவைவிட இருபது வயது இளையவர்.

நான்காம் நாள் பொன்னையா ஒரு தாளோடு வந்தார். உட்காரவே இல்லை.

"டீச்சர், தமிழுக்கே செஞ்சுட்டேன். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆக முப்பது. குட்டைச் சிமிட்டு, நெட்டைச் சிமிட்டு ரெண்டையும் கலந்தா நாலு சிமிட்டுக்குள்ள முப்பதும் கச்சிதமா அடங்கிருது."

"எந்த வரிசையில போட்டீங்க?"

"அகரவரிசைதான். முன்னால வர்றதுக்குக் குறைச்சல், பின்னால வர்றதுக்கு அதிகம். இங்கிலீஷ்ல ஏன் இப்படிச் செய்யல? ஏ-க்கு ரெண்டு, பி-க்கு நாலு, ஈ-க்கு ஒண்ணுன்னு கலைச்சுப் போட்டிருக்காங்க. மனசுல நிக்கவே மாட்டேங்குது."

ஜெசிந்தா வேறொன்று கேட்டார்.

"உங்க வீட்டம்மா இதுவரைக்கும் சொன்னதை எழுதி வச்சிருக்கீங்களா?"

பொன்னையா நோட்டை எடுத்தார்.

"இதுல ஔ எத்தனை தடவை வருது?"

புரட்டினார். "ஒரு தடவைகூட இல்ல."

"உங்க தாள்ல அதுக்கு எத்தனை சிமிட்டு?"

"மூணு."

"ன் எத்தனை தடவை வருது?"

பொன்னையா உதடு அசைய எண்ணினார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"அறுபத்து மூணு."

"அதுக்கு எத்தனை?"

"நாலு." குரல் இறங்கியது. "நாலும் நெட்டை."

"அச்சுக்கூடத்துல எந்த எழுத்து அதிகமாக் கிடக்குன்னு எண்ணிப் பார்த்துத்தான் மோர்ஸுக்கு நீளம் வச்சாங்கன்னு சொல்வாங்க," என்றார் ஜெசிந்தா. "இங்கிலீஷ்ல ஈ தான் அதிகம். அதனால அதுக்கு ஒரே புள்ளி. படிக்கிறது ஒரு மாசம். பேசுறது ஆயுசு முழுக்க."

அவர் முடிக்கும்போது பொன்னையா வாசலைத் தாண்டியிருந்தார்.

நோட்டு முழுவதையும் எண்ணினார். அதிகம் வந்த எழுத்துகளுக்கு ஒரு சிமிட்டு, இரண்டு சிமிட்டு. ஔவைக் கடைசிக்குத் தள்ளினார். புதுத் தாளை மனைவியின் கண்ணெதிரே ஒட்டினார்.

ஒரு வாரம் கழித்து, மூச்சிரைக்க ஜெசிந்தாவின் மாடிப்படி ஏறி வந்தார். மழித்த முகம். தாடையில் பிளேடு கிழித்த காயம்.

"முழுசாப் பேசிட்டா, டீச்சர். 'தாடி நல்லால்ல, எடுங்க'ன்னா. தூங்குறதுக்கு முன்னாடியே சொல்லி முடிச்சுட்டா."

ஜெசிந்தா சிரித்தார். பொன்னையா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்தார்.

"வார்டுல அவளுக்கு அடுத்த கட்டில்ல ஒரு லாரி டிரைவர் படுத்திருக்கார். அவருக்கும் இதே நிலைமைதான். இப்பவே போய் இந்தத் தாளைக் கொடுக்கப் போறேன்."

"அவர் அடிக்கடி என்ன சொல்வார்?"

"தெரியலையே. அட்டையைப் பிடிச்சு நான் அவர்கிட்ட ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்ல."

"அப்போ தாளை இங்கயே வச்சுட்டு, அட்டையோட போங்க."