புள்ளி மூன்று

பிலோமிக்குப் பன்னிரண்டு வருஷமாக ஒரே கோபம். இடையில் வேறு கோபங்கள் வந்தன, போயின. இது மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது.

தூத்துக்குடிக்காரி. ஏழு வயதில் பள்ளிக்கூட மதில்மேல் நடந்ததற்காக சிஸ்டரிடம் அடி வாங்கினாள். அதே மதிலில் நடந்ததைப் பார்த்துத்தான் தஸ்நேவிஸ் மாஸ்டர் அவளை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்த்துக்கொண்டார். நாலு அங்குல அகலப் பலகை, ஓர் ஆள் மார்பளவு உயரம். பீம் என்பார்கள். அதன்மேல் பிலோமி தரையில் நடப்பதுபோல நடந்தாள், தரையில் விழுவதுபோல விழுந்தாள், மறுபடி ஏறினாள். பதினான்கு வயதில் மாநிலச் சாம்பியன். பதினாறிலிருந்து நாலு வருஷம் தேசியச் சாம்பியன். பீம் என்றால் பிலோமி என்று பேச்சாயிற்று.

இருபத்தோராவது வயதில் ஆசியப் போட்டிக்கான தேர்வு நடந்தது. ஆறு பேர் போகலாம். பிலோமி பீமில் பிசகில்லாமல் செய்தாள். பல்டி அடித்து இறங்கினாள். நடுவர் மேசையைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

இந்தக் கை உயர்த்துவது சும்மா மரியாதை இல்லை, சட்டம். ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் தலைமை நடுவருக்குக் கை உயர்த்தியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் மதிப்பெண்ணில் புள்ளி மூன்று போய்விடும்.

அன்று தலைமை நடுவர் கோமளவல்லி குனிந்தே இருந்தாள். அவள் நிமிர்ந்தபோது பிலோமியின் கை கீழே வந்திருந்தது. ‘இறங்கியபின் கை உயர்த்தவில்லை’ என்று எழுதினாள்.

பிலோமி ஆறாவது இடத்தைத் தவறவிட்டது புள்ளி இரண்டில். அந்த இடம் கோமளவல்லி நடத்திய பயிற்சிக் கூடத்திலேயே பழகிய ஒரு பெண்ணுக்குப் போயிற்று. அடுத்த வருஷம் பிலோமிக்கு முட்டி போயிற்று. அதற்குப் பிறகு ஏது ஆசியா, ஏது ஐரோப்பா?

அழுது தீர்த்தாள். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தாள். பரீட்சை எழுதி நடுவரானாள். விளையாட்டுக்குச் சேவை செய்கிறாள் என்று ஊரில் புகழ்ந்தார்கள். எதற்காகப் படித்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அவள் காத்திருந்த நாள் வந்தது. மறுபடியும் ஆசியத் தேர்வு. பீம் மேசைக்குப் பிலோமிதான் தலைமை. பட்டியலில் ஒன்பதாவது பெயர் தாரிணி, பதினாறு வயது, கோமளவல்லியின் மகள்.

தேநீர் இடைவேளையில் பிலோமி அரங்கை ஒட்டிய பயிற்சிக் கூடத்துக்குப் போனாள். பிள்ளைகள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தஸ்நேவிஸ் மாஸ்டர் மட்டும் தாள் குவளையில் தேநீரை ஊதிக்கொண்டு நின்றார்.

“இன்னைக்கு என் மேசைக்கு யாரு வாரா தெரியுமா மாஸ்டர்?”

“லிஸ்ட்டப் பாத்தேன்.”

“அவ எறங்கி கை தூக்குவாள்லா, அப்ப நான் குனிஞ்சிக்கிடுவேன். அவ்வளவுதான். நிமிரும்போது கை கீழ இருக்கும். பாக்கலன்னு எழுதுவேன். ஒரு பொய்யும் கெடயாது.”

மாஸ்டர் தேநீரை ஊதினார்.

“தப்புன்னு சொல்லப் போறியளா?”

“நான் ஒண்ணும் சொல்லலியே.”

“நீங்க எப்பச் சொல்லியிருக்கிய?” பிலோமியின் குரல் கூடத்தில் எதிரொலித்தது. “அன்னைக்கும் இப்படித்தான் நின்னிய. வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரி. எதிர்ப்பு மனு குடுக்க நாலு நிமிஷம் இருந்துச்சு. கோச் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். நான் உங்க சட்டையப் புடிச்சி இழுத்தேன். ஏன் மாஸ்டர் போடல?”

பன்னிரண்டு வருஷத்தில் அவள் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. கிறிஸ்மஸுக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவெல்லாம் விழித்திருக்கிறாள். இதை மட்டும் கேட்டதில்லை. கேட்டால் அவரையும் வெறுக்க வேண்டி வருமோ என்று பயந்தாள்.

மாஸ்டர் பீமைக் காட்டினார்.

“செருப்பக் கழத்திட்டு ஏறு.”

“இந்தக் கோட்டோடயா?”

“கோட்டோடதான்.”

பிலோமி ஏறினாள். முட்டி முனகியது. நடுவர்களின் நீலக் கோட்டும் பாவாடையுமாக, முப்பத்து மூன்று வயதில் அந்த நாலு அங்குலத்தில் நின்றாள்.

“கையத் தூக்கு.”

தூக்கினாள்.

மாஸ்டர் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்துத் தேநீர் குடிக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் போயிற்று. பிலோமிக்குத் தோள் கடுத்தது.

“மாஸ்டர்.”

அவர் இன்னொரு மிடறு குடித்தார்.

“மாஸ்டர், என்ன வெளயாட்டு இது?”

“கையத் தூக்கிட்டியா?”

“தூக்கி எவ்வளவு நேரமாச்சு!”

“அப்படியா?”

“திரும்பிப் பாருங்களேன். கை மரத்துப் போச்சு. தூக்கிட்டுத்தான் நிக்கேன்னு சொல்லுதேன்லா!”

அவர் திரும்பவில்லை.

“அன்னைக்கு நீ எறங்கும்போது நான் நின்ன நெலம இதுதான்,” என்றார்.

பிலோமியின் கை தானாக இறங்கியது.

“பன்னெண்டு வயசுல பல்டில தவறிக் கழுத்து மடங்க விழுந்தியே, ஞாபகம் இருக்கா? மூணு நாள் கால அசைக்காமக் கெடந்த. அதுக்கப்புறம் நீ எறங்குறத நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல. திரும்பிக்கிடுவேன். மெத்தைல கால் விழுற சத்தத்தக் கேட்டுத்தான் மார்க் போடுவேன்.”

‘ஒரே சத்தம்ட்டி!’ பிலோமி நன்றாக இறங்கிய நாளெல்லாம் மாஸ்டர் இப்படித்தான் கத்துவார். இரண்டு காலும் சேர்ந்து விழுந்தால் ஒரு சத்தம், தடுமாறி ஒரு தப்படி வைத்தால் இரண்டு சத்தம். அது பெரிய பயிற்சி ரகசியம் என்று அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். மனுஷன் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“நீ கை தூக்குனத நான் பாக்கல,” என்றார் மாஸ்டர். “மனுத்தாள்ல ‘நான் கண்ணால் பார்த்தேன்’னு இருந்துச்சு.”

பிலோமி குதித்து இறங்கினாள். வலித்தது. அதை அவள் பொருட்படுத்தவில்லை.

“ஒரு பொய் மாஸ்டர். ஒரே ஒரு பொய். தூக்குனேன்னு உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும். நீ தூக்காம இருக்க மாட்ட.”

“அப்பப் போட்டிருக்கலாம்லா?”

“போட்டிருக்கலாம்.”

“உங்க நேர்மைக்குப் பலி குடுக்க என் வாழ்க்கையா கெடச்சுது?”

மாஸ்டர் குவளையைக் கையில் சுற்றினார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிலோமி அந்தக் குவளையைப் பிடுங்கி வீசியிருப்பாள். அவர் முகத்தைப் பார்த்தால், அதே கேள்வியை அவரே பலமுறை தன்னிடம் கேட்டுப் பார்த்தவர் மாதிரி இருந்தது. அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மணி அடித்தது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு நடந்தாள்.

ஒன்பதாவதாகத் தாரிணி வந்தாள். ஒல்லியான பிள்ளை. மூக்கு அப்படியே அம்மா மூக்கு. ஏறும் முன் கை உயர்த்தினாள். பிலோமி தலையசைத்தாள். அந்த வணக்கத்தைத் திருட அவளுக்கு ஆசையில்லை. தன்னிடமிருந்து போனது இறங்கியபின் வைத்த வணக்கம், அதுதான் வேண்டும்.

பிள்ளை நன்றாகச் செய்தாள். அதுவே பிலோமிக்குப் பிடிக்கவில்லை. திருப்பத்தில் ஒரு தடுமாற்றம், எழுதினாள். தாவலில் முழங்கால் மடங்கியது, எழுதினாள். தாரிணி பீமின் விளிம்புக்கு வந்து மூச்சை இழுத்தாள். பிலோமி குனிந்துகொண்டாள்.

மெத்தையில் கால் விழுந்தது. இரண்டு சத்தம்.

ஒரு தப்படி என்று பிலோமியின் கை தானாக எழுதியது. பிறகு கையில் பேனாவும் கண்ணில் வெள்ளைத் தாளுமாக அப்படியே இருந்தாள். இப்போது கை தூக்கியிருப்பாள். இப்போது இறக்கியிருப்பாள். இன்னும் கொஞ்சம் போகட்டும்.

அரங்கில் கைதட்டல் ஓய்ந்தது. யாரோ இருமினார்கள். பக்கத்து நடுவர் நாற்காலியில் அசைந்தாள். இறங்குகிறவர்கள் கையை இறக்கியதும் தங்கள் பையை நோக்கி ஓடுவார்கள். ஓடும் சத்தம் வரவில்லை.

இறக்கவில்லை, சனியன். நிற்கிறாள்.

‘எறக்கித் தொலயேன்ட்டி,’ என்று பிலோமி மனசுக்குள் கத்தினாள். செருப்புக்குள் கால்விரல்கள் பீமைப் பிடிப்பதுபோல மடங்கின. இடைவேளையில் கடுத்த தோள் இப்போது மறுபடியும் கடுக்க ஆரம்பித்தது. இன்னும் பத்து எண்ணலாம், அந்தப் பிள்ளைக்கும் மரத்துப்போகும். ஐந்துவரை எண்ணினாள். ஆறாவது எண் வாயில் வரவில்லை. இந்த இடத்தில் தான் என்ன செய்கிறோம் என்று நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அவளுக்கு அழத் தோன்றியது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக இருந்ததால் அழவில்லை.

நிமிர்ந்தாள்.

தாரிணி கை உயர்த்தி நின்றாள். முகம் வெளிறியிருந்தது. கண் மட்டும் பிலோமியைவிட்டு அகலவில்லை.

பிலோமி பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். தலையை அசைத்தாள். அப்புறம்தான் அந்தக் கை இறங்கியது.

வெட்ட வேண்டியது எல்லாவற்றையும் பிலோமி வெட்டினாள். தடுமாற்றம், முழங்கால், தப்படி, ஒரு மயிரிழைகூட விடவில்லை. வெட்டக் கூடாததை வெட்டவில்லை. பட்டியல் வெளியானபோது தாரிணி ஆறாவது இடத்தில் இருந்தாள். ஏழாவது பெண்ணுக்கும் அவளுக்கும் வித்தியாசம் புள்ளி ஒன்று.

பிலோமி கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை ஓடி வந்தாள்.

“தேங்க்ஸ் மேம்.”

“எனக்கு எதுக்கு தேங்க்ஸ்? நீ செஞ்சதுக்கு மார்க்.” பிலோமி அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். “ஏன் அவ்வளவு நேரம் கையத் தூக்கிட்டு நின்ன?”

“அம்மா சொல்லியிருக்காங்க மேம். மேசையில இருக்கறவங்க உன்னப் பாக்கற வரைக்கும் கைய எறக்காதன்னு. எவ்வளவு நேரமானாலும் சரின்னாங்க. இன்னிக்குக் காலைல மட்டும் பத்து தடவ சொல்லிட்டாங்க.”

பிள்ளை வெள்ளை மனசோடு சிரித்துவிட்டு ஓடிப்போனாள். பிலோமி மடித்த கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மாஸ்டர் வாசலில் பேருந்துக்குக் காத்திருந்தார். பிலோமி போன வேகத்தில் அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

“தெரிஞ்சிருக்கு மாஸ்டர் அந்தக் கோமளவல்லிக்கு! தெரிஞ்சேதான் குனிஞ்சிருக்கா! குனிஞ்சா என்ன ஆவும்னு மவளுக்குச் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கா. இத்தன வருஷம், ஒருவேள நெசமாவே அவ பாக்கலியோன்னு ஒரு மூலையில நான் நெனச்சிட்டுக் கெடந்தேன். முட்டாளு மாதிரி!”

“மார்க் என்ன போட்ட?”

“என்னத்தப் போட? அந்தப் புள்ள தூக்குனா, பாத்தேன், போட்டேன். இது மட்டும் முன்னாலயே தெரிஞ்சிருந்தா நான் நிமிந்திருக்கவே மாட்டேன்.”

“இருக்கலாம்.”

“இப்படி ஆறுதல் சொல்ல நீங்க ஒரு ஆளு!” அவளுக்கு மூச்சு வாங்கியது. “நியாயமா நடந்தா மனசு ஆறும்பாங்க. எனக்கு ஆறல. முன்ன இருந்ததவிடக் கூடுதலா எரியுது. அவ மேல எரியுது. உங்க மேலயும் எரியுது.”

“என் மேல உள்ளது இருக்கட்டும்,” என்றார் மாஸ்டர். “அது எனக்குச் சேர வேண்டியதுதான்.”

“கோபம் இம்புட்டுக்கூடக் கொறயலன்னா, அப்ப நான் இன்னைக்குச் செஞ்சது என்ன மாஸ்டர்?”

பேருந்து வந்து நின்றது. மாஸ்டர் படியில் ஒரு காலை வைத்தார்.

“கோபமே இல்லாதவ நேரா மார்க் போட்டா, அதுல என்னட்டி இருக்கு?”