திரையை மூடிய துணி

சேவியருக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குரு தஸ்லீமாவுக்கு முப்பத்தொன்று. திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்திக்கொண்டு, கம்ப்யூட்டரில் இசையமைக்கவும் கற்றுக்கொடுத்தார். மகள் வயதுப் பெண்ணை டீச்சர் என்று கூப்பிட சேவியருக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது.

ஒரு சாயங்காலம் லேப்டாப்போடும் மனைவி அமலியோடும் படியேறி வந்தார்.

"டீச்சர், ரெண்டு சாஃப்ட்வேர் போட்டு வச்சிருக்கேன். ஒண்ணு ரெக்கார்டு பண்ணத் தோதா இருக்கு. இன்னொண்ணு மேடைக்கு நல்லதுங்கிறாங்க. எதை வச்சுக்கிறது?"

"எதுக்கு வேணும்ணே?"

"ஞாயித்துக்கிழமை மாதா கோயில் திருவிழா. இவ பாடணும்."

இருபத்தெட்டு வருஷமாக அந்த மேடையில் அமலி பாடுவாள், சேவியர் கீபோர்டு வாசிப்பார். போன வருஷம் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. குரல் மெல்லத் திரும்பி வந்துவிட்டது. மூச்சுதான் பழையபடி நிற்கவில்லை. இப்போதெல்லாம் தபேலாவும் கிட்டாரும் லேப்டாப்பிலிருந்துதான் வருகின்றன. அவள் மூச்சு வாங்க நின்றால் அவை நிற்பதில்லை, தம் பாட்டுக்குப் போய்விடுகின்றன. முந்தின நாள் ஒத்திகையில் மூன்று முறை அப்படி ஆனது. அமலி மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"வரி வரியா ரெக்கார்டு பண்ணி ஒட்டிருங்க. மேடையில நான் வாயை மட்டும் அசைச்சுக்கிறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சேவியருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இதையெல்லாம் தஸ்லீமாவிடம் சொல்லி முடித்துவிட்டு, "அதான் கேக்குறேன். எது சரிப்படும்?" என்றார்.

தஸ்லீமா லேப்டாப்பை வாங்கித் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கால் மணி நேரம் ஏதோ செய்தார். அறையிலிருந்த கீபோர்டை அதோடு இணைத்தார். பிறகு கீபோர்டை மூடி வைக்கும் துணியை எடுத்து லேப்டாப் திரைமேல் போட்டார்.

"வாசிங்கண்ணே."

"திரையப் பாக்காம எப்படி டீச்சர்?"

"பாட்டை வரி வரியாப் பிரிச்சிருக்கேன். ஒரு வரி முடிஞ்சா தாளம் அங்கேயே சுத்திக்கிட்டு இருக்கும். கீபோர்டுல இருக்கிற கடைசிக் கட்டையை அமுக்குனா அடுத்த வரிக்குப் போகும்."

"எப்ப அமுக்கணும்?"

"மதினி சொல்லுவாங்க."

அமலி திகைத்தாள். "பாடிக்கிட்டே எப்படிம்மா சொல்லுவேன்?"

"நீங்க பாடுங்க மதினி."

முதல் வரி முடிந்ததும் சேவியர் குத்துமதிப்பாகக் கட்டையை அமுக்கினார். இரண்டாவது வரி முடிந்தது. கண்கொத்திப் பாம்பாகத் திரையையே பார்த்துப் பழகியவர், பழக்க தோஷத்தில் அந்தப் பக்கமே திரும்பினார். துணிதான் இருந்தது. வேறு வழியில்லாமல் தலையை நிமிர்த்தினார்.

அமலியின் இடது தோள் லேசாக உயர்ந்தது. விரல்கள் கழுத்துத் தழும்புக்குப் போயின. கண்களை மூடிக்கொண்டாள். தாளம் ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்றும் சுற்றியது. சேவியர் காத்திருந்தார். அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். கட்டையை அமுக்கினார்.

முன்பெல்லாம் நோட்டைப் பார்த்து வாசித்தார், அப்புறம் திரையைப் பார்த்து. மூச்சு எடுக்கும்போது அவளுடைய இடது தோள்தான் முதலில் உயரும் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. கடைசிச் சரணத்தில் அவளுக்கு மூன்று சுற்று தேவைப்பட்டது. மூன்று சுற்றும் காத்திருந்தார்.

பாட்டு முழுசாக முடிந்தது. அமலிக்கு அதை நம்ப முடியவில்லை. கழுத்தைத் தடவியபடி நின்றாள்.

சேவியர் லேப்டாப் பக்கம் திரும்பினார். "டீச்சர், இது எந்த சாஃப்ட்வேர்? ரெக்கார்டு பண்றதா, மேடைக்குள்ளதா?"

"துணியை எடுத்துப் பாருங்கண்ணே."

சேவியர் கையை நீட்டினார்.

"ஏங்க," என்றாள் அமலி. "இன்னொரு தடவை பாடவா?"

நீட்டிய கையை சேவியர் கீபோர்டின்மேல் வைத்தார்.