மடவை மீன் துள்ளுவது எதற்காக

மீனும் நண்டும் வாயாடி, ஓடைகூடக் கோபித்துக்கொண்ட அந்தக் காலத்தில், ஒரு வளைகுடாவில் மினுக்கி என்றொரு மடவை மீன் இருந்தாள். அவளுக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். மழை பெய்தால் போதும், மலையிலிருந்து இறங்கும் ஓடை செம்மண்ணும் சருகும் ஆட்டுப்புழுக்கையுமாக வந்து சேருவாள். மினுக்கிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"ஊர்க் குப்பையெல்லாம் எங்க தலையில கொட்டுதியே, உனக்கு வேற இடமே இல்லையா?"

"இதுதான எனக்குப் புகுந்த வீடு" என்றாள் ஓடை.

மினுக்கி விடவில்லை. கோணன் என்ற நண்டை நச்சரித்து, அவன் கூட்டத்தை வைத்து ஓடையின் வாயில் மணலைக் குவித்து அடைத்துவிட்டாள். ஓடை முகத்தைத் திருப்பிக்கொண்டு மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் தேங்கி உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் தெளிந்தது. கொஞ்ச நாள் மினுக்கியைக் கையில் பிடிக்க முடியவில்லை. அப்புறம் உப்பு ஏறியது. குஞ்சுகள் மெலிந்து, "அம்மா, பசிக்கு" என்று அழுதன. மேய்வதற்குப் பாசியே இல்லை.

"எக்கா, சேறு இருந்தாத்தான பாசி? சேறு வந்தது அந்த ஓடையிலதான?" என்றான் கோணன்.

மினுக்கி அவனை விரட்டினாள். "அப்ப மேட்டை உடைல!"

"தோண்டத் தோண்டச் சரியுது. அவ அந்தப் பக்கமிருந்து முட்டினாத்தான் உடையும். நீதான் போய்க் கூப்பிடணும்."

அதுவரை எந்த மடவையும் தண்ணீரை விட்டு எழும்பியதில்லை. மினுக்கி குஞ்சுகளைப் பார்த்தாள். வாலை ஓங்கி அடித்தாள். எழும்பியே விட்டாள்! மேட்டின் உச்சியில் விழுந்தாள். சுடுமணல் செதிலைப் பொசுக்கியது. மறுபடி துள்ளினாள், இன்னும் ஒரு துள்ளல், தொபுக்கடீரென்று ஓடைக்குள்!

"தாயி, நான்தான் கெடுத்தேன். எம்பிள்ளைக சாகுது. சேறு, சருகு எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு ஓடி வா!"

ஓடையின் கோபம் போன இடம் தெரியவில்லை. "மலையிலேருந்து சுமந்ததெல்லாம் உங்களுக்குத்தானடி!" என்று ஒரே முட்டு முட்டினாள். மேடு பிளந்தது. செம்மண் தண்ணீர் ஓவென்று இரைந்து பாய்ந்தது, அதன் முன்னால் மினுக்கி! "வந்துட்டா! வந்துட்டா!" என்று கோணன் பக்கவாட்டில் ஓடிக் கத்தினான். குஞ்சுகள் கலங்கலுக்குள் முண்டியடித்து வாய் வைத்தன.

ஓடை கடலைத் தொடும் இடத்தில் மடவைகள் திடீரென்று துள்ளுவதைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்குச் சோறு கொண்டுவரும் ஓடை வருகிறாளா என்று அவை எட்டிப் பார்ப்பது, மினுக்கி துள்ளிய அன்று முதல்தான்.